சிறு பொருள், பெரும் பொறுப்பு

விமானப் பாதுகாப்பு என்றதும் விமானியும் இயந்திரமும்தான் பலருடைய நினைவுக்கு வருகின்றன. இருக்கைக்கு அடியில் இருக்கும் உயிர்காப்பு அங்கியையோ இருக்கைவாரின் கொக்கியையோ பெரும்பாலோர் நினைப்பதில்லை. இத்தகைய பொருள்களைத் திட்டமிட்டு வாங்கி, கிடங்கில் பாதுகாத்து, உரிய நேரத்தில் வழங்குவதற்கென்றே பணியாளர்கள் இருக்கின்றனர். அவர்கள் செய்வது வெறும் கணக்கெடுப்பு வேலை என்று கருதுவது தவறு. அதுவும் உயிர்காக்கும் பணியே.

விமானத்தின் உட்பகுதியில் பயன்படும் பொருள்கள் கடையில் நினைத்தவுடன் வாங்கக்கூடியவை அல்ல. இருக்கையை மூடும் துணிகூட எளிதில் தீப்பற்றாது என்பதைச் சோதனையில் மெய்ப்பிக்க வேண்டும். அதற்குரிய சான்றிதழும் இருக்க வேண்டும். இருக்கைவார் பழுதாகி, மாற்று வார் கையிருப்பில் இல்லையென்றால், அந்த இருக்கையில் பயணியை அமர்த்த முடியாது. 2024ஆம் ஆண்டில் இருக்கைகள் உரிய நேரத்தில் கிடைக்காததும் போயிங் 787 விமானங்கள் சிலவற்றை ஒப்படைப்பதில் தாமதம் ஏற்பட ஒரு காரணமாயிற்று.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஏராளமாக வாங்கிக் குவித்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழி இங்கும் பொருந்தும். பசை போன்ற பொருள்கள் நாளடைவில் தரம் இழக்கும். ஒரு வகை விமானத்தின் இருக்கைப் பாகம் மற்றொரு வகைக்குப் பொருந்தாமல் போகலாம். இருக்கைகளின் வடிவமைப்பை மாற்றினால், பழைய பாகங்கள் பயனற்றுப் போகும். முடங்கிக் கிடக்கும் பொருள், முடங்கிக் கிடக்கும் பணமாகும்.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் நேரக்கூடும். விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்தால் பயணிகளுக்கு உயிர்வாயு வழங்கும் சிறு கலன்கள் பல விமானங்களில் உள்ளன. இயங்கும்போது அவை கடுமையாகச் சூடாகும். 1996ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், மியாமியிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட வாலுஜெட் 592 விமானத்தின் சரக்கறையில், வேறு விமானங்களிலிருந்து கழற்றப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கலன்கள் ஏற்றப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பாதுகாப்பு மூடிகள் பொருத்தப்படவில்லை. அவை 'வெற்றுக் கலன்கள்' என்றும் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தன. சரக்கறையில் தீ மூண்டு, விமானம் விழுந்து, அதிலிருந்த 110 பேரும் மாண்டனர். கழற்றிய பொருளைக் கையாள்வதில் நேர்ந்த கவனக்குறைவு இத்தனை உயிர்களைப் பறித்தது.

இக்காலத்தில் கணினியே எல்லாவற்றையும் கண்காணித்துவிடும் என்று வாதிடுவோரும் உள்ளனர். எந்தப் பொருள் எப்போது காலாவதியாகும், எப்போது வாங்க வேண்டும் என்பதைக் கணினி நொடியில் சொல்லும். ஆயினும், மனிதர் பதிவு செய்ததையே அது நம்பும். நிரம்பிய கலனை 'வெற்றுக் கலன்' என்று ஒருவர் பதிந்தால், கணினியும் அவ்வாறே காட்டும். பெட்டியைத் திறந்து பார்ப்பதும், ஐயம் எழுந்தால் தயங்காமல் கேட்பதும் மனிதரின் கடமைகள்.

ஆகவே, செலவைக் குறைக்க விரும்பும் நிறுவனங்கள் கிடங்குப் பணியாளர்களின் பயிற்சியில் கைவைக்கக் கூடாது. 'இந்தப் பொருளை ஏற்றாதீர்கள்' என்று ஒரு பணியாளர் சொன்னால், புறப்பாடு தாமதமானாலும் மேலாளர்கள் அதற்குச் செவிசாய்க்க வேண்டும். சாங்கியிலும் சிலேத்தாரிலும் விமானப் பராமரிப்புத் துறையில் பலர் பணிபுரிகின்றனர். அத்துறையில் சேர விரும்பும் இளையர்கள், இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது மட்டுமே சிறந்த வேலை என்று எண்ண வேண்டியதில்லை. சரியான பொருள், சரியான அளவில், சரியான சீட்டுடன் இருப்பதை உறுதிசெய்பவரும் பயணிகளின் காவலரே.