ஒரே வண்டியில் போய் வாருங்கள்



கோடை பிறந்துவிட்டால் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். லீவுக்குக் குடும்பத்தோடு எங்கே போகலாம்? ஊட்டியா, ஏற்காடா, பாட்டி ஊரா, வேன் எடுத்தால் கட்டுப்படியாகுமா? கணவனும் மனைவியும் மட்டும் ஒரு நாள் எங்கே போய் வரலாம் என்று கேட்டு எழுதியவர் யாரும் எனக்கு நினைவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை இந்தப் பக்கத்துக்கு உண்டு. எனவே இந்த மாதம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் வீடுகளில் தம்பதியாகப் போவதற்கென்றே சில இடங்கள் இருக்கின்றன. கல்யாண ரிசப்ஷன், சம்பந்தி வீடு, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், வங்கியில் கடனுக்குக் கையெழுத்து, ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு காரியம் நிற்கும். காரியம் இல்லாமல் இரண்டு பேர் கிளம்பினால் விசாரணைதான். போன மே மாதம் மயிலாடுதுறையில் என் அம்மா வீட்டில் அது நடந்தது.

"பிள்ளைங்களை இங்க விட்டுட்டு அப்படி என்னடி வேலை அங்க?"

"வேலை ஒண்ணும் இல்லம்மா. சும்மா கடலைப் பாத்துட்டு வரோம்."

"கத்திரி வெயில்ல சும்மா யாராவது போவாங்களா? மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான்தான் அத்தை கூப்பிட்டேன்" என்றார் என் கணவர். அம்மா அதற்கு மேல் பேசவில்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், ஒரு தூக்கில் புளிச்சாதமும், பாட்டிலில் நீர்மோரும் காருக்கு வந்து சேர்ந்தன.

போட்ட திட்டம் சின்னதுதான். விடியுமுன் பூம்புகார், அங்கிருந்து திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி, சாயங்காலம் காரைக்கால், இரவு வீடு. எல்லாம் சேர்ந்து சுமார் நூறு கிலோமீட்டர். இதே சாலையில் இன்னும் தெற்கே போனால் நாகூரும் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் இருக்கின்றன. அவற்றையும் இதே நாளில் சேர்த்துக்கொண்டால் ஓட்டுகிறவருக்கு முதுகுவலியும் பக்கத்தில் இருப்பவருக்குக் கோபமும்தான் மிஞ்சும் என்று விட்டுவிட்டோம். ஒரு நாளுக்கு மூன்று ஊரே அதிகம் என்பது என் கட்சி.

மே மாதத்துப் பூம்புகாரில் காவிரியைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். வெள்ளக் காலத்திலும் பெருந்தண்ணீரைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும். இங்கே வந்து சேர்வது மிச்சம்தான். கோடையில் அந்த மிச்சமும் மணல் திட்டுக்குப் பின்னால் குட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது. கரையில் விசைப்படகுகள் அசையாமல் நின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் பருவம் என்று விசைப்படகுகளை நிறுத்திவிடுவார்கள். சின்னப் படகுகள் மட்டும் கரையை ஒட்டிப் போய் வரும். ஆண்கள் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வருமானம் இல்லாத இரண்டு மாதம். அவர்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கோடையில் ஜோடியாகக் கடலுக்குப் போவது இந்த ஊருக்குப் புதிதில்லை. சித்திரைப் பௌர்ணமியில் தொடங்கி 28 நாள் இந்திர விழா கொண்டாடிய ஊர் இது. அந்த விழாவின் முடிவில்தான் கோவலனும் மாதவியும் கடலாடக் கிளம்புகிறார்கள். சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்தபோது நான் கவனிக்காத ஒரு விவரம் அதில் இருக்கிறது. இருவரும் ஒன்றாகப் போகவில்லை. கோவலன் கோவேறு கழுதை மேல் ஏறிப் போகிறான். மாதவி மூடுவண்டியில் போகிறாள். புன்னை நிழலில் திரை கட்டி உட்கார்ந்து யாழ் மீட்டுகிறார்கள். அவன் பாடிய பாட்டில் வேறொருத்தி இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. அவளும் மனத்தில் வேறொருவன் இருப்பவள்போலப் பாடுகிறாள். யாரையடி நினைத்துப் பாடினாய் என்று அவன் கேட்கவில்லை. யாரையும் நினைக்கவில்லை என்று அவளும் சொல்லவில்லை. பொழுதாயிற்று என்று அவன் எழுந்து போய்விடுகிறான். அவள் தன் வண்டியில் தனியே வீடு திரும்புகிறாள்.

இதைச் சொன்னபோது என் கணவர் சொன்ன தீர்ப்பு: "ஆளுக்கொரு வண்டி இருந்தா அப்படித்தான். ஒரே கார்ல வந்திருந்தா கோவிச்சுக்கிட்டுக் கிளம்பியிருக்க முடியாது. சாவி யார்கிட்ட இருக்குன்னு முதல்ல பேசியாகணும்." இளங்கோவடிகள் இதை ஏற்பாரா தெரியாது. எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அந்தக் கடலாடு காதையில் எனக்கு மிகப் பிடித்தது இரவுக் கடற்கரையின் விளக்கு வரிசை. பூவும் சாந்தும் விற்பவர்களின் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, கள் விற்கும் பெண்ணின் விளக்கு, இடையிடையே மீன் விற்பவர் விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலே கலங்கரை விளக்கம். கடற்கரைக்குப் போனால் ஏதாவது வாங்கித் தின்ன வேண்டும் என்ற நம் பழக்கத்துக்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா? அந்தக் காலைவேளையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு டீக்கடை மட்டும். ஏழு நிலைக் கலைக்கூடம், 1973-ல் கட்டியது, திறக்க நேரமிருந்தது. மணலில் துண்டை விரித்து இட்லியைப் பிரித்தோம்.

கண்ணகி வெளியூர் கிளம்பியதும் இந்த ஊரிலிருந்துதான். பொழுது புலருமுன் கணவனோடு நடக்கத் தொடங்கி, கொஞ்ச தூரத்திலேயே களைத்துப்போய், மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம்தான், பக்கம்தான் என்கிறான் கோவலன். எந்தக் கணவரிடமும் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அதே பதில்தான் வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாண்டிய நாட்டில் வெயில் தாங்காமல் அவள் வாடியபோது, பகலில் படுத்து நிலவில் நடக்கலாம் என்று ஏற்பாடு செய்தவனும் அவன்தான். கோடைப் பயணத்துக்கு அதைவிட நல்ல யோசனை என்னிடமும் இல்லை. விடியுமுன் கிளம்புங்கள், பதினொரு மணிக்குள் ஒரு நிழலுக்குப் போய்விடுங்கள்.

திருக்கடையூரில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை. கோயிலுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக மணமக்கள். அத்தனை பேரும் தலை நரைத்தவர்கள். அறுபது நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று தமிழ்நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் பெற்றோரை இங்கே கூட்டி வருகிறார்கள். எமனைச் சிவன் உதைத்த தலம் என்பதால் ஆயுள் வேண்டி வருவது. ஹோமப் புகைக்கு நடுவே ஓர் அம்மாள் பட்டுப்புடவையில் குனிந்து பக்கத்து மாப்பிள்ளையிடம், "ஏங்க, காலையில பி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். கைப்பையிலிருந்து மாத்திரை வந்தது. சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும், இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பார்க்க அறுபது வயதும் ஒரு சடங்கும் வேண்டியிருக்கிறதே என்ற எண்ணத்தை என்னால் தள்ள முடியவில்லை.

தரங்கம்பாடிக்கு வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தோம். 1792-ல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் நேர்த்தெரு, அதன் முடிவில் கடல். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ல் டென்மார்க்காரர்களுக்கு இங்கே வணிகம் செய்ய இடம் கொடுத்தார். அவர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை இன்னும் நிற்கிறது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள்ளே சிறிய அருங்காட்சியகம். கனத்த சுவர்கள் என்பதால் உள்ளே வெயில் தெரிவதில்லை. உச்சிவேளைக்கு இதுவே சரியான இடம்.

கடல் காற்றைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகத்தான் சூடேறும். நிலத்துக் காற்று கொதித்து மேலே போகப் போக, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். கோடையில் மேல்காற்று பலமாக இருந்தால் அது கடல் காற்றை எதிர்த்து நிறுத்திவைக்கும். அன்றைக்குத்தான் கடற்கரையிலும் வெந்து போவோம். நாங்கள் போன அன்று மதியத்துக்குள்ளேயே காற்று திரும்பிவிட்டது. கோட்டை வாசலில் நுங்கு விற்ற அம்மா, "கீழ்க்காத்து வந்துடுச்சு, இனிமே வெளிய உக்காரலாம்" என்று ஓலை விரித்தார். வானிலை அறிக்கையைவிட அவர் சொன்னது எங்களுக்கு உபயோகமாக இருந்தது.

இந்தத் தெருவில் ஒரு தம்பதியின் கதை உண்டு. 1706-ல் இங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுதப் பழகியதும், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் பலருக்குத் தெரியும். ஊருக்குப் போய் மணம் முடித்து, மனைவி மரியா டொரோத்தியாவுடன் 1716-ல் அவர் திரும்பி வந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. முன்பின் பார்த்திராத ஊருக்கு அந்தப் பெண் கப்பலில் வந்தார். 1719-ல் கணவர் 36 வயதில் இறந்துபோனார். 1718-ல் அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள். போகிறவர்கள் ஒரு நிமிடம் அங்கேயும் நில்லுங்கள்.

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 அன்று இதே கடல் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கரையில் இப்போது கருங்கல் கொட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கும் ஜோடிகளைப் பார்த்தால் பதறுகிறது. வேண்டாம், ஐயா.

பொறையாறைத் தாண்டி நண்டலாறு பாலம் ஏறி இறங்கினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம் வந்துவிடும். முதலில் கண்ணில் படுவது பெட்ரோல் பங்குகளும் மதுக்கடைகளும்தான். பெட்ரோல் அங்கே விலை குறைவு. என் கணவர் டேங்கை நிரப்பிவிட்டு, இந்தப் பயணத்தின் முழுச் செலவும் இதில் வந்துவிட்டது என்று கணக்குச் சொன்னார். கணக்கு தப்பு, நான் சொல்லவில்லை.

காரைக்கால் என்றால் எனக்கு மாம்பழம்தான். கணவன் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்டாள் புனிதவதி. மற்றதைச் சாப்பிட்ட கணவன் இன்னொன்றும் கேட்க, இறைவனை வேண்டி ஒன்றைப் பெற்று இலையில் வைத்தாள். சுவை வேறாக இருக்கவே அவன் கேட்டான். அவளும் நடந்ததை அப்படியே சொன்னாள். அவன்தான் பயந்துபோய், ஒன்றும் சொல்லாமல் வணிகம் என்று பெயர் பண்ணிக் கப்பலேறி, பாண்டிய நாட்டுப் பட்டினத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். சேக்கிழார் இதைப் பக்தியின் பெருமையாகச் சொல்கிறார், நான் மறுக்கவில்லை. ஆனால் பரமதத்தனுக்கு என் மனத்தில் இடமில்லை. ஆனிப் பௌர்ணமியில் இங்கே மாங்கனித் திருவிழா. ஊர்வலத்தின்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் அந்த நாளைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

பாருங்கள், பத்திருபது மைல் கடற்கரைக்குள் இரண்டு பெரிய பிரிவுகள். இரண்டிலும் சண்டைகூட நடக்கவில்லை. கிளம்புமுன் மனத்தில் இருந்ததை வாய் திறந்து சொல்லியிருந்தால், கதை வேறு திசையில் போயிருக்கும். நாங்கள் அன்று காரில் நிறையப் பேசினோம். அவருடைய அண்ணனுக்குக் கொடுத்த பணம், என் வேலை நேரம், மூத்தவள் கல்லூரிக்கு வெளியூர் போவது, இத்தனை வருஷமாக அவருக்கு என் வத்தக்குழம்பு பிடிக்காது என்ற திடுக்கிடும் செய்தி. வீட்டில் இதையெல்லாம் பேச நேரம் இருக்கிறது. ஆனால் நடுவில் குக்கர் விசில் அடிக்கும், யாராவது அழைப்புமணி அடிப்பார்கள். காரில் எதுவும் அடிப்பதில்லை. திருக்கடையூருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் கொஞ்ச தூரம் நான் பேசாமல் வந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வத்தக்குழம்புதான் காரணம்.

அரசலாறு கடலில் சேரும் இடம்வரை ஆற்றோரமாகவே காரைக்காலில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஊரே அங்கேதான். சுண்டல், பஜ்ஜி, வறுத்த மீன். தடைக்காலம் என்பதால் பெரிய மீன் குறைவு. கரையோரத்தில் பிடித்த சின்ன மீன்களைப் பொடிப்பொடியாக வறுத்துக் கொடுத்தார்கள். அதுதான் ருசி.

காரில்லாதவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. மயிலாடுதுறையிலிருந்து பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் பஸ் இருக்கிறது. ஸ்கூட்டர் இருந்தால் ஒரு ஊர் போதும். வேறு கரைக்காரர்கள் உங்கள் பக்கத்துக் கடலையே தேர்ந்தெடுங்கள். மணப்பாடோ, தொண்டியோ, மரக்காணமோ, எதுவானாலும் சரி. தண்ணீர், தொப்பி, நனைந்தால் மாற்ற ஒரு துணி. பூம்புகார் அலையில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். செல்பேசி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், பிள்ளைகள் கூப்பிட்டால் எடுக்க.

போய் வந்ததும் எங்களுக்கு எழுதுங்கள். எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், வழியில் எதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள், யார் முதலில் பேசினீர்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நல்ல கடிதங்களை ஆடி இதழில் வெளியிடுகிறோம். ஒரே ஒரு நிபந்தனை: கடிதத்தின் கீழே இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்