எரிமலை போதும், கெரெங்காக் கூட்டைப் பாருங்கள்

பள்ளி அறிவியல் விழாக்களுக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் என்னை முதலில் வரவேற்பது எரிமலைதான். களிமண் மலை, உள்ளே சமையல் சோடா, மேலே வினிகர். மாணவர்களைக் குறை சொல்லவில்லை. போன ஆண்டு பரிசு வாங்கியதையே இந்த ஆண்டும் செய்யச் சொல்பவர்கள் பெரியவர்களாகிய நாம்தானே?

பெண்டாங் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கெரெங்காவைத் தெரியும். தமிழில் முசுறு. மாமரத்து இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பிடம் கடி வாங்காதவர் குறைவு. ஆனால், அதே எறும்பைத் தேடிப் போய் முட்டையிடும் ஒரு சிறிய வண்ணத்துப்பூச்சி இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அறிவியல் பெயர் ஆன்தீன் எமோலஸ். ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஃபீட்லரும் மாஷ்விட்ஸும் நம் தீபகற்பத்தில் அதைக் கவனித்து 1989இல் எழுதினார்கள். அதன் புழு இனிப்பு நீர் சுரக்கும். கெரெங்கா அதைக் குடித்துவிட்டுப் புழுவுக்குக் காவல் நிற்கும்.

எறும்பு இருப்பது தாய்ப்பூச்சிக்கு எப்படித் தெரிகிறது? கண்ணாலா, வாசனையாலா? வாசனையை அளக்க வழி உண்டு. பூச்சியின் உணர்கொம்பை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து, இலை வாசனையையோ எறும்பு வாசனையையோ காற்றோடு ஊத வேண்டும். கொம்பு உணர்ந்தால் மில்லிவோல்ட் அளவில் மின்னழுத்தம் மாறும். 1957இல் ஷ்னைடர் பட்டுப்பூச்சியில் செய்து காட்டியது இது.

கருவி நம் பள்ளிகளில் இல்லை, உண்மைதான். ஆனால் கருவி பாதிதான் சொல்லும். கொம்பு வாசனையை உணர்ந்தது என்று காட்டுமே தவிர, பூச்சிக்கு அது பிடித்ததா என்று காட்டாது. அதற்குச் செடியருகே உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். வீட்டுக் கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் வண்ணத்துப்பூச்சி வருகிறதே, எதில் எத்தனை முறை உட்கார்ந்தது, எதில் முட்டையிட்டது என்று ஒரு மாதம் குறித்து வைக்க நோட்டுப் புத்தகம் போதும்.

இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று. ஒரு காலத்தில் செம்பனைப் பூவுக்குத் தோட்டத் தொழிலாளர்களே கையால் மகரந்தம் தூவினார்கள். கேமரூனில் வண்டுகள் அந்த வேலையைச் செய்வதை ஒருவர் கவனித்தார். 1981இல் அந்த வண்டு இங்கே விடப்பட்டது, கைவேலை நின்றது. பூவின் சோம்பு வாசனைதான் அதை இழுக்கிறது.

ஆசிரியர்களே, இந்த ஆண்டு விழாவில் ஒரு மேசையை இப்படிப்பட்ட நோட்டுப் புத்தகங்களுக்கு ஒதுக்குங்கள். முடிவு தவறாக இருந்தாலும் நான் மதிப்பெண் போடுவேன்.