தண்ணி ஊத்தியே கொல்லாதீங்க

சென்னையில மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் எட்டாத அறையில ஒரு ஸ்நேக் பிளாண்ட். நம்ம வேலியோரத்து மருளுக்குச் சொந்தக்காரச் செடிதான். இலை துவள, துவள தினமும் ஊத்தியிருக்கா. அடி அழுகிப்போச்சு.

தண்ணி தேங்கி மஞ்சக் கிழங்கைப் பறிகொடுத்தவன் நான். அவளை எப்படித் திட்டுறது?

வெளிச்சம் குறைஞ்சா செடி குடிக்கிறதும் குறையும். இந்தச் செடி இலையிலேயே தண்ணியைச் சேர்த்து வைக்கும். விரலை விட்டுப் பாருங்க. மண் நல்லா காய்ந்த பிறகு ஊத்தினால் போதும். தொட்டியில ஓட்டை அவசியம். இருட்டைத் தாங்கும், ஆனா வளர வெளிச்சம் வேணும், ஜன்னலோரம் வையுங்க.

நல்ல இலை ஒன்றை வெட்டி, சில நாள் காயவிட்டு, மணலில் நட்டுட்டு வந்தேன். பாசத்தைக் காட்ட தினமும் தண்ணி ஊத்த வேண்டியதில்லை. தினமும் பார்த்தாலே போதும்.