பொம்மைக்குக் கால் வேண்டும்

பள்ளிக்கூடம், கல்லூரி, பஸ் டெப்போ என்று எங்கே சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்தும் முதலுதவி) பயிற்சி நடந்தாலும் மேசைமேல் ஒரு பொம்மை கிடக்கும். தலையும் மார்பும் மட்டும்; இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. வரிசையாக வந்து, நின்றவாக்கிலேயே நாலு அழுத்து அழுத்துவார்கள். போட்டோ எடுப்பார்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது ஊர் ஊராகப் போய் இதே பயிற்சியைக் கொடுத்துவருகிறேன். இப்படிக் கற்றவர்களில் பலர், நிஜத்தில் ஒருவர் விழுந்தால் மார்பில் கைவைக்கும் கட்டத்துக்கே போய்ச்சேர மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

யாரும் மேசைமேல் மல்லாந்து விழுவதில்லையே! பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு நடுவே சரிகிறார்கள். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கிறார்கள். கயிற்றுக் கட்டிலிலோ இலவம்பஞ்சு மெத்தையிலோ படுத்தபடியே மூச்சு நின்றுவிடுகிறது. மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். பெரியவர்களுக்கு மார்பு 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும். ஆளைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் முட்டிபோட்டு, முழங்கை மடங்காமல் தோளின் பாரத்தை இறக்கினால்தான் அது நடக்கும். எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. 'தண்ணி தெளிங்க, சோடா வாங்கிட்டு வாங்க' என்று சுற்றி நிற்கும் நேரமெல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆளைத் தரையில் இறக்கும் இந்த வேலையைப் பழக முழு உடல் பொம்மை வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்து, பின்னாலிருந்து அக்குளுக்குள் கைகொடுத்து இழுக்கச் சொல்வேன். இன்னொருவர் காலைப் பிடிக்க வேண்டும். அந்தக் கால் எப்படிக் குறுக்கே வரும், நாற்காலியில் எப்படிச் சிக்கும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முழு உடல் பொம்மையும் ஆள் கனம் இருக்காது என்பதால் வயிற்றில் அரிசிப் பையைக் கட்டிவிடுவேன். மகளிர் குழுப் பெண்கள் இதில் கெட்டிக்காரிகள். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. ஜிம்முக்குப் போகும் பையன்கள்தான் வெடுக்கென்று இழுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்து சேலை. பழைய நூல் சேலை ஒன்றைச் சுற்றி, ரவிக்கை போட்டுப் பொம்மையைப் படுக்கவைப்பேன். அதுவரை முண்டியடித்த பையன்கள் ஓரடி பின்னால் போவார்கள். 'மேடம், பொண்ணுங்க யாராவது செய்யட்டும்.' பொம்மைதானேப்பா என்றால் சிரிப்பார்கள். கை மட்டும் வராது. இந்தத் தயக்கம் நம்மூரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் பொது இடத்தில் இதயம் நின்று விழுந்தவர்களைப் பற்றிய ஆய்வில், ஆண்களில் 45 சதவீதம் பேருக்கும் பெண்களில் 39 சதவீதம் பேருக்கும்தான் பக்கத்திலிருந்தவர்கள் சிபிஆர் செய்திருந்தார்கள். 1960-இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லார்டல் கொண்டுவந்த முதல் சிபிஆர் பொம்மைக்கு இருந்தது பெண் முகம். பாரிஸின் சேன் ஆற்றில் பிணமாகக் கிடைத்த, பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முகம் என்று சொல்லப்படும் வார்ப்பிலிருந்து எடுத்தது அது. ஆனால் இன்று சந்தையில் கிடைப்பவற்றுக்குப் பெரும்பாலும் தட்டை மார்புதான். சேலைகட்டிய பெண்ணை முதல்முறை தொடுவது பயிற்சியிலேயே நடந்துவிட வேண்டும்.

அரை உடலே போதும் என்பவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. கை பழக அதுவே நல்லது. நூறு பேருக்கு ஒரே ஒரு முழு உடல் பொம்மையை வைத்தால் ஆளுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. அழுத்திப் பழக அரை உடல் பத்து இருக்கட்டும். தூக்கிப் பழக முழு உடல் ஒன்று இருக்கட்டும் என்கிறேன். விலையைச் சொல்லி மறுப்பவர்களுக்கு ஒன்று: இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் பொதுமக்களுக்கென வகுத்த 'கோல்ஸ்' முறையில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை, அழுத்தினால் போதும். ஆகவே மூச்சுக்குழாய், விளக்கு, திரை என்று விலையேற்றும் சமாச்சாரம் இல்லாத சாதாரண முழு உடல் பொம்மையே நமக்குப் போதுமானது. அதுவும் கிடைக்காத ஊரில் பழைய பேன்ட்டில் மணலை நிரப்பி அரை உடல் பொம்மையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் கால் சிக்கும்.

எனக்கு ஓர் அறக்கட்டளை முழு உடல் பொம்மையை இரவல் தருகிறது. டவுன் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் 'இதுக்கு ஆள் டிக்கெட்டா, லக்கேஜாம்மா?' என்பார். ஒரே பொம்மையை இப்படி ஊர் ஊராகச் சுமப்பதற்குப் பதில், பள்ளிக்கல்வித் துறை வட்டார வள மையம் ஒவ்வொன்றிலும் ஒன்றை வாங்கி வைக்கலாம். பள்ளிகள் முறைவைத்து எடுத்துப்போகட்டும். பஞ்சாயத்தும் பஸ் டெப்போவும் கேட்டால் கொடுக்கட்டும். சேலைக்கு அரசு செலவழிக்க வேண்டாம், எங்கள் வீட்டுப் பீரோவில் வேண்டிய மட்டும் இருக்கிறது.