மனை ஓடாது, பணம் ஓடிவிடும்!

தூத்துக்குடி–நெல்லை ரோட்டில் புதுக்கோட்டைப் பக்கம் இப்போது மனைக்குப் பலத்த கிராக்கி. வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். அடுத்த மாதமே சிலாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை! கேட்க வேண்டுமா?

"இன்னும் ரெண்டு பார்ட்டி காத்துக்கிட்டு இருக்கு சார். இன்னிக்கே அட்வான்சைப் போடுங்க!"

இது புரோக்கர்களின் பழைய பாட்டு. இதை நம்பி, வீட்டுக்காரி நகையை அடகு வைத்துக்கொண்டு ஓடுகிறார் குமாஸ்தா. ஓடலாமா?

வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். மூலப்பத்திரம், பட்டா இரண்டிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புதிதாகப் போட்ட அங்கீகாரமில்லாத மனையைப் பத்திரம் பதிய 2016 முதல் தடை இருக்கிறது. பெரிய லேஅவுட் என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது ரெரா சட்டம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய் தனியாக வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.

அதிகாரிகளுக்கு ஒன்று: அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியலை ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலும் ஒட்டுங்கள். பாதிப் பித்தலாட்டம் தானே ஒழியும்.

பத்து நாள் பொறுத்தால் மனை எங்கேயும் ஓடிப்போகாது. அவசரப்பட்டுக் கொடுத்த பணம்தான் ஓடிப்போகும்!