விளக்குத்தூணுக்கு மூச்சு விட இடம் இல்ல

மதுரையில துணி எடுக்கப் போறவங்க எல்லாரும் போன்ல சொல்ற வார்த்தை, "விளக்குத்தூண்கிட்ட வந்துருங்க." சரி, வந்துடுறோம். அந்தத் தூணை நிமிர்ந்து பார்த்தவங்க எத்தனை பேரு? எங்கிட்டுப் பார்க்குறது! சுத்தி பைக்கு, தள்ளுவண்டி, ஷேர் ஆட்டோ. பண்டிகை நேரம்னா கேக்கவே வேணாம்.

போன தடவை வெளியூர்லருந்து வந்த அக்கா மக, "இது என்ன மாமா?"ன்னு கேட்டா. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பக்கத்துல நின்ன பையன், "பழைய கரண்ட் கம்பம்"னுட்டான். சுருக்குன்னுச்சு. கரண்டே வராத காலத்துத் தூணுங்க அது! அவனைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? அவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?

1840கள் வரைக்கும் இந்த ஊரு நாயக்கர் கோட்டைக்குள்ள நெருக்கிக்கிட்டுக் கிடந்துச்சு. சுத்தி 72 கொத்தளம், மதில், நாத்தம் பிடிச்ச அகழி. அப்ப கலெக்டரா இருந்தவர் பிளாக்பர்ன். மதிலை இடிச்சு அகழியைத் தூர்க்குறவங்களுக்கு அந்த இடத்துலயே மனைன்னு அறிவிச்சாரு. ஜனங்களே கடப்பாரையோட இறங்குனாங்க. நாம இன்னைக்கு நடக்குற வெளிவீதிகள் அப்படி வந்ததுதான். வேலையை நடத்துன மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப்பேரா இன்னும் இருக்காங்க. கலெக்டருக்கு நன்றியா ஊர்க்காரங்க நட்டதுதான் இந்த விளக்குத்தூண். கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேர்ற முக்குல, சித்திரைத் தேர் திரும்புற இடத்துல!

ஊருக்கு இடம் உண்டாக்கிக் கொடுத்தவர் நினைவா வச்ச தூணைச் சுத்தி நாலடி இடம் விடக்கூட நமக்கு மனசில்ல. பக்கத்துச் சந்துல திருமலை நாயக்கர் அரண்மனையோட பத்துத்தூண் இருக்கே, அதுக்கும் இதே கதிதான். கல்தூணுங்க, கடைக்கு நடுவுல முழி பிதுங்கி நிக்குது. யாரைக் கேட்டாலும் 'ஹெரிடேஜ் சிட்டி'ங்கிறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. பைக்கை எடுக்கச் சொல்ல மட்டும் ஒரு ஆளைக் காணோம்.

கோடிக்கணக்குலயா கேக்குறோம்? தூணைச் சுத்தி வண்டி நிக்காம பார்த்துக்கங்க. ரோட்டுலருந்தே படிக்கிற மாதிரி, பெரிய எழுத்துல, தமிழ்ல அதோட கதையை எழுதி வைங்க. தீபாவளிக்கு முன்னாடியே செஞ்சுருங்க. அப்புறம் அங்க கால் வைக்க முடியாது.