சுவாசச் செயலிழப்பு: காரணமும் காவலும்



டெய்ரி ஃபார்மிலானாலும் சொந்த ஊரிலானாலும், புழுக்கத்திற்குத் தரையில் பாய் விரித்துப் படுப்பது நமக்குப் பழக்கம். அவ்விதம் உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமைகள் தாழ்ந்து, நாக்குக் குழறினால் அஜீரணம் என்றோ பக்கவாதம் என்றோ எண்ணுவோம். அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. அடுத்து நிற்கப்போவது மூச்சு.

சுவாசத்திற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பிராணவாயுவை இரத்தத்தில் சேர்ப்பது. மற்றது, கரியமில வாயுவை வெளியேற்றுவது. முதல் வேலை தடைபடுவது முதல் வகைச் செயலிழப்பு. தமனி இரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இறங்கும். நிமோனியா, நுரையீரலில் நீர் கோத்தல், நீரில் மூழ்குதல் ஆகியவை இதன் காரணங்கள். 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா பலரை இவ்வழியே வருத்திற்று.

இரண்டாம் வகையில் காற்றை இழுத்துவிடும் விசையே ஓய்ந்துபோகிறது. கரியமில வாயு தேங்கி, அதன் அழுத்தம் 45-க்கு மேல் ஏறும். புகைப்பழக்கத்தால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, அளவு மீறிய தூக்க மருந்து, நரம்புத்தசை நோய்கள், கட்டுவிரியன் விஷம் ஆகியவை இதில் அடங்கும். விஷத்தால் பாதிக்கப்பட்டவரின் நுரையீரல் நன்றாகவே இருக்கும். நரம்பின் கட்டளை உதரவிதானத்தை எட்டாது.

அந்தமானுக்கே உரிய கட்டுவிரியன் ஒன்று உண்டு. பிஸ்வாஸ், சன்யால் என்னும் அறிஞர்கள் 1978-இல் அதனைத் தனி இனமாக விவரித்தனர். நம் நாட்டு விஷமுறிவு மருந்தோ பெருநிலத்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது. ஆகையால் தீவின் இனத்திற்கு அம்மருந்தை மட்டும் நம்பியிருக்க இயலாது. செயற்கைச் சுவாசக் கருவியே உயிரைத் தாங்கும்.

குடும்பத்தார் அறியவேண்டியது ஒன்றுண்டு. இவ்விஷம் மூளையை நேரே அழிப்பதில்லை. கண் திறவாமல், விரல் அசையாமல், கண்மணி விரிந்து, மரித்தவர்போல் கிடப்பவர் நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். கருவியின் துணையோடு சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள் கடந்தபின் எழுந்து நடந்தவர்கள் உண்டு. ஆகவே, "எல்லாம் முடிந்தது" என்று அவசரப்பட்டு வீட்டிற்குக் கொண்டுசெல்லாதிருங்கள். அருகில் நின்று தைரியமான வார்த்தைகளையே பேசுங்கள்.

கடிவாயைக் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ வேண்டாம். அவரை நடக்கவிடாமல், கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனை சேருங்கள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்பெற்ற போர்ட் பிளேயரில் அரசு ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள்.

கட்டில் இல்லாத வீட்டார், இன்றிரவே கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிவிட்டு உறங்குங்கள்.